மாணவர் கட்டுரையைத் திருத்தி எழுதுதல்: பத்தியில் தொடங்கி ஒற்றெழுத்தில் முடியும் வழிமுறை

கட்டுரையின் முதல் வரைவை எழுதி முடித்துவிட்டு, அடுத்து அதை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என ராமநாதபுரம் கடலோர ஊர்களின் மாணவர் தாள்களைத் தொடர்ந்து படித்துவருகையில் ஒரு பழக்கம் மாறாமல் கண்ணில் படுகிறது. "திருத்தி எழுது" என்று சொன்னவுடன் பெரும்பாலானோர் முதல் வரியில் விடுபட்ட க், ச், த், ப் எழுத்துகளைத் தேடத் தொடங்குகிறார்கள். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒற்றுகள் சரியாக இருக்கும். பத்தி எதைச் சொல்ல வந்தது என்பது மட்டும் முன்போலவே கலங்கிக் கிடக்கும்.

ஆகவே இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் கட்டுரை முழுவதையும், பிறகு பத்தியை, பிறகு வாக்கியத்தை, கடைசியில் எழுத்தைப் பார்க்க வேண்டும். நீக்கப் போகும் பத்தியில் எழுத்துப்பிழை பார்ப்பது, இடிக்கப் போகும் சுவருக்கு வெள்ளையடிப்பதைப் போன்றது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, முடிந்த வரைவு. பாதி எழுதிய கட்டுரையைத் திருத்த உட்காருபவர்கள் முதல் பத்தியையே மூன்று முறை மெருகேற்றிவிட்டுக் கடைசிப் பத்திகளை அவசரத்தில் முடிக்கிறார்கள். முடிவு எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியாத வரையில், தொடக்கம் சரியா தவறா என்று சொல்ல வழியில்லை. எனவே மோசமாக இருந்தாலும் கடைசி வரி வரை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

வரைவைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு வரி விட்டு ஒரு வரியாக, இடப்புறம் அகலமான ஓரம் விட்டு எழுதுவது நல்லது. நெருக்கி எழுதிய தாளில் மாற்றம் செய்ய இடம் இல்லாததாலேயே பலர் தேவையான மாற்றத்தைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதியிருந்தால் பத்திகளைக் கத்தரித்து இடம் மாற்றியும் பார்க்கலாம்.

கொடுக்கப்பட்ட தலைப்பையோ வினாவையோ ஒரு சொல்லும் மாற்றாமல் தாளின் மேலே எழுதிக்கொள்ளுங்கள். "கடலோர மக்களின் வாழ்வில் தடைக்காலத்தின் விளைவுகள்" என்பது தலைப்பாக இருக்க (தடைக்காலம் என்பது மீன்களின் இனப்பெருக்கப் பருவத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை உள்ள காலம்), நினைவில் "தடைக்காலம்" மட்டுமே தங்கிவிடுவதால், விளைவுகளை விட்டுவிட்டுத் தடைக்காலத்தின் விதிகளை இரண்டு பக்கம் எழுதியவர்கள் உண்டு.

கைபேசியில் குரல்வழியாகத் தட்டச்சு செய்து வரைவை உருவாக்குபவர்கள் இப்போது அதிகம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நிறுத்தற்குறி எதுவுமின்றி, பேச்சு நடையிலேயே வரிகள் வந்து விழும் என்பதால், திருத்தத் தொடங்கும் முன் அதைக் கையால் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எழுதுதலிலேயே கால்பங்கு திருத்தம் நடந்துவிடும்.

கடைசியாக, ஓர் இரவு இடைவெளி. எழுதிய கையோடு படித்தால், தாளில் இல்லாத சொல்லையும் மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். மறுநாள் காலையில் அந்த உதவி கிடைக்காது. அப்போதுதான் ஓட்டைகள் தெரியும்.

2. முதல் வாசிப்பு: வாய்விட்டு, பேனா இல்லாமல்

கட்டுரையை முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் உரக்கப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி வையுங்கள். வேறு எதையும் எழுத வேண்டாம். நடுவில் நின்று ஒரு வாக்கியத்தைத் திருத்தத் தொடங்கினால் முழுக் கட்டுரையின் போக்கு காதில் விழாது.

இதைவிடச் சிறந்த வழி, வீட்டில் இருக்கும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பது. நீங்கள் படித்தால் நினைத்ததைப் படிப்பீர்கள். தங்கையோ அத்தையோ படித்தால் எழுதியிருப்பதைப் படிப்பார்கள். அவர்கள் தயங்கி, வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி படிக்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

3. ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு வாக்கியம்

ஒவ்வொரு பத்தியும் சொல்லும் செய்தியை இடப்புற ஓரத்தில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அந்த ஓரக்குறிப்பில் வினைமுற்று கட்டாயம் இருக்க வேண்டும். "கடற்பாசி எடுத்தல்" என்று எழுதினால் அது பேசுபொருளின் பெயர். அதை வைத்துப் பத்தி சரியா என்று சோதிக்க முடியாது. "பாசி எடுக்கும் பெண்களின் வேலை நாள்களைக் காற்றே தீர்மானிக்கிறது" என்று எழுதினால், பத்தியின் ஒவ்வொரு வாக்கியமும் அதற்குத் துணைநிற்கிறதா என்று கேட்கலாம்.

இந்தக் குறிப்புகளை எழுத முனைந்தவுடன் நான்கு வகை நிலைமைகள் வெளிப்படும். ஒரு பத்திக்கு இரண்டு வாக்கியங்கள் தேவைப்பட்டால், அதை இரண்டு பத்திகளாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பத்திகளுக்கு ஒரே வாக்கியம் வந்தால், அவற்றை ஒன்றாக்க வேண்டும். எழுதிய வாக்கியத்துக்கும் மேலே இருக்கும் தலைப்புக்கும் தொடர்பு இல்லையென்றால், அந்தப் பத்தி வேறொரு கட்டுரைக்கு உரியது. எந்த வாக்கியமும் எழுத வரவில்லையென்றால் அந்தப் பத்தியை நீக்கிவிடலாம். பெரும்பாலும் அது முன்னுரையாகத்தான் இருக்கும்.

முன்னுரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகம் பள்ளியில் பழகியது. தேர்வுத்தாளில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் அந்தச் சட்டகத்தை நிரப்புவதற்காகவே "கடல் மனிதனுக்கு இயற்கை அளித்த கொடை" என்று தொடங்கி நான்கு வரிகள் எழுதும்போது, அந்த வரிகளைத் தடைக்காலம், பாசி, புயல், பவளப்பாறை என எந்தத் தலைப்பின் முன்னாலும் ஒட்டிவிடலாம். எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் முன்னுரை உங்கள் கட்டுரைக்கு உரியதாகாது. அதை அடித்துவிட்டு, கட்டுரை எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது என்பதை இரண்டு வாக்கியங்களில் சொன்னால் போதும். முன்னுரையைத் திருத்தத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதினால் இன்னும் எளிது, ஏனெனில் அப்போதுதான் கட்டுரை உண்மையில் எதைச் சொல்லியிருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

4. பத்திகளின் வரிசை

ஓரக்குறிப்புகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். அவை ஒரு சிறு விளக்கம்போலத் தொடர்ந்து வந்தால் வரிசை சரி. காரணத்துக்கு முன்னால் விளைவு வந்திருந்தாலும், ஏற்கெனவே விளக்கிய செய்தி மறுபடி வந்தாலும், அங்கே இடமாற்றம் தேவை. உட்தலைப்பு போட்டுவிட்டால் தொடர்பு தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். உட்தலைப்புகளைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தாலும் கட்டுரை புரிய வேண்டும்.

5. ஒரு பத்தியைப் பிரித்துப் பார்த்தல்

வேலையின் பெரும்பகுதி இந்தப் படியில்தான் இருக்கிறது. கீழே உள்ள பத்தி பலருடைய தாள்களில் கண்ட குறைகளைச் சேர்த்து நானே ஆக்கியது.

"தடைக்காலம் என்பது மீனவர்களின் வாழ்வில் மிக முக்கியமான ஒன்றாகும். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் தடைக்காலம் வருகிறது. மேலும் கடலில் மீன்கள் இனப்பெருக்கம் செய்கின்றது. எங்கள் ஊரில் விசைப்படகுகள் அனைத்தும் கரையில் நிறுத்தப்பட்டுள்ளது. மேலும் எல்லாப் படகுகளும் கடலுக்குப் போகவில்லை. இதனால் மீன் விலை உயர்கிறது. மீன் உடலுக்கு மிகவும் நல்லது. இதனால் கூலிக்குப் போகும் மீனவர்கள் மிகவும் கஷ்டப்படுகின்றனர். எனவே தடைக்காலம் மிக முக்கியமானதாகும்."

முதல் வேலை, ஓரக்குறிப்பு. எழுதியவரிடம் கேட்டால், "தடைக்காலத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவருக்கு வருமானம் இல்லை" என்பதுதான் தான் சொல்ல வந்தது என்பார். அந்தச் செய்தி பத்தியின் எட்டாவது வாக்கியத்தில்தான் வருகிறது, அதுவும் "மிகவும் கஷ்டப்படுகின்றனர்" என்ற பொதுவான சொற்களில். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இறுதியில் கருத்தைச் சொல்வது பேச்சில் இயல்பு. எழுத்தில், வாசகர் அதுவரை எதற்காகப் படிக்கிறோம் என்று தெரியாமல் வருவார்.

இரண்டாவது வேலை, தொடர்பில்லாத வாக்கியங்களை அடிப்பது. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் ஒரே வெற்றுச் செய்தியைச் சொல்கின்றன, இரண்டும் வேண்டாம். "மீன் உடலுக்கு மிகவும் நல்லது" என்பது உண்மையாக இருந்தாலும் இந்தப் பத்தியில் அதற்கு வேலை இல்லை. அடிக்க மனம் வராதவர்கள், அந்த வாக்கியத்தை விரலால் மறைத்துக்கொண்டு பத்தியைப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லையென்றால் அது போகலாம்.

மூன்றாவது வேலை, இணைப்புச் சொற்களை விசாரிப்பது. "மேலும்" என்பது முன்னர் சொன்னதோடு அதே வகையான இன்னொன்றைச் சேர்க்கும்போது வர வேண்டியது. மேலே உள்ள பத்தியில் மீன்களின் இனப்பெருக்கம் தடைக்காலத்துக்குக் காரணம். அங்கே "ஏனெனில்" அல்லது "என்பதால்" வர வேண்டும். "இதனால்" இன்னும் ஆபத்தானது. இரண்டாவது "இதனால்" எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள்: மீன் உடலுக்கு நல்லது, இதனால் மீனவர்கள் கஷ்டப்படுகிறார்கள் என்றாகிவிட்டது. "இது", "இதனால்", "அது" வரும் இடங்களிலெல்லாம் சுட்டுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை இட்டுப் பாருங்கள்: "இந்தத் தடையால்", "இந்த விலை உயர்வால்". எந்தப் பெயரை இடுவதென்று உங்களுக்கே தெரியவில்லையென்றால் வாசகருக்கும் தெரியாது.

நான்காவது வேலை, இரண்டு பொருள் தரும் எதிர்மறையைப் பிரிப்பது. "எல்லாப் படகுகளும் கடலுக்குப் போகவில்லை" என்றால் ஒன்றுகூடப் போகவில்லை என்றும் கொள்ளலாம், சில போயின சில போகவில்லை என்றும் கொள்ளலாம். தடைக்காலத்தைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு சிறியதல்ல. தடை விசைப்படகுகளுக்கு உரியது, நாட்டுப்படகுகளும் வல்லங்கள் என்னும் சிறு படகுகளும் கடலுக்குப் போகின்றன. "எல்லா" என்ற சொல்லோடு "இல்லை" வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் "எந்தப் படகும் போகவில்லை" அல்லது "சில படகுகளே போயின" என்று மாற்றி எழுதுங்கள்.

ஐந்தாவது வேலை, வெற்றிடங்களை நிரப்புவது. "ஏப்ரல் மாதம் வருகிறது" என்பதற்கு மாறாக, தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் என்று எழுதலாம். "கஷ்டப்படுகின்றனர்" என்பதற்கு மாறாக, எப்படி என்று எழுதலாம். இந்த இடத்தில் கடலோர மாணவர்கள் ஒரு விந்தையான தயக்கம் காட்டுகிறார்கள்: வீட்டில் தினமும் கேட்கும் செய்தி கட்டுரைக்குத் தகாது என்று எண்ணி அதை விட்டுவிட்டு, பாடநூல் வாடை வீசும் பொதுச்சொற்களைத் தேடிப்போகிறார்கள். உள்ளபடியே, மற்றவர் எழுத முடியாத பகுதி அந்த வீட்டுச் செய்திதான்.

இவ்வளவும் செய்தபின் பத்தி ஏறத்தாழ இப்படி வரும்:

"தடைக்காலத்தின் சுமை விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் மீதே முதலில் விழுகிறது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் எங்கள் ஊரின் விசைப்படகுகளில் ஒன்றுகூடக் கடலுக்குப் போவதில்லை; வல்லங்கள் மட்டும் போய் வருகின்றன. வரத்து குறைவதால் மீன் விலை உயர்கிறது. ஆனால் அந்த விலை உயர்வால் இவருக்குப் பயன் இல்லை, ஏனெனில் படகு போனால்தான் இவருக்குப் பங்கு உண்டு. என் பெரியப்பா அந்த இரண்டு மாதமும் பிறருடைய கிழிந்த வலைகளைச் சரிசெய்து கொடுத்து நாள்கூலி வாங்குகிறார்."

வாக்கியங்களின் எண்ணிக்கை ஒன்பதிலிருந்து ஐந்தாகிவிட்டது, ஆனால் செய்தி கூடியிருக்கிறது. பெரியப்பாவின் வரி புதிதாக வந்தது. "மிக", "மிகவும்" என்ற சொற்கள் நான்கும் போய்விட்டன, அவை போனதை யாரும் கவனிக்க மாட்டார்கள். தாள் முழுவதற்கும் இதே ஐந்து வேலைகளை இதே வரிசையில் செய்யுங்கள். நீக்குவதற்கு முன் இணைப்புச் சொல்லைத் திருத்தினால், நீக்கியபின் அதை மறுபடி திருத்த வேண்டிவரும்.

6. வாக்கியம்: முதலில் எழுவாய், பிறகு வினைமுற்று

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதால், எழுவாயை எழுதிவிட்டு வினைமுற்றை அடைவதற்குள் மாணவர்கள் எழுவாயை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயை வட்டமிட்டு, வினைமுற்றை அடிக்கோடிட்டு, இடையில் உள்ளவற்றைத் தாண்டி இரண்டையும் மட்டும் சேர்த்துப் படியுங்கள்.

"தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களின் உழைப்பு, பகல் முழுவதும் உப்புநீரில் மூழ்கி எழுந்து, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பிற்பகலில் கரைக்கு வருகின்றனர்" என்பது நல்ல கவனிப்புள்ள வாக்கியம். வட்டமும் கோடும் இட்டால் "உழைப்பு வருகின்றனர்" என்று நிற்கும். "பெண்களின் உழைப்பு" என்பதைப் "பெண்கள்" என்று மாற்றினால் போதும். மற்றவை எல்லாம் அப்படியே இருக்கலாம். வாக்கியம் நீளமாக இருப்பது குறையன்று. எழுவாயும் வினையும் கைகோத்திருந்தால் நீண்ட வாக்கியமும் தெளிவாக நிற்கும். அதைத் துண்டாக்கச் சொல்வது பல நேரங்களில் தேவையற்ற அறிவுரை.

ஒருமை பன்மையும் இந்தச் சோதனையில் வெளிப்படும். "படகுகள் நிறுத்தப்பட்டுள்ளது" என்பது "நிறுத்தப்பட்டுள்ளன" என்றாக வேண்டும். பேச்சில் அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று வழங்குவதில்லை. அதனால் காது இந்தப் பிழையைக் கண்டுபிடிக்காது, கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். "ஒவ்வொருவரும்" என்று தொடங்கினால் வினை ஒருமையில் முடிய வேண்டும் என்பதும் இதே வகையைச் சேர்ந்தது.

அடுத்தது வினையெச்சம். "படகைக் கரையில் இழுத்துவிட்டு மழை பெய்யத் தொடங்கியது" என்று எழுதினால் படகை இழுத்தது மழையாகிவிடும். "இழுத்துவிட்டு", "முடித்து", "பார்த்து" போன்ற எச்சங்களின் செயலைச் செய்தவரே வினைமுற்றின் செயலையும் செய்தவராக இருக்க வேண்டும் என்பது பொது விதி. "நாங்கள் படகைக் கரையில் இழுத்துவிட்ட பிறகு மழை பெய்யத் தொடங்கியது" என்றால் சிக்கல் தீரும். "மழை பெய்து ஊருணி நிறைந்தது" என்பதில் இரண்டு எழுவாய்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே முதற்செயல் இரண்டாவதற்குக் காரணம் என்பதால் அது வழக்கில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பெயரெச்சம் எந்தப் பெயரைத் தழுவுகிறது என்பதையும் பாருங்கள். "சேதமடைந்த மீனவரின் படகு" என்றால் சேதமடைந்தது மீனவரா, படகா? "மீனவரின் சேதமடைந்த படகு" என்று அடைமொழியை அதற்குரிய பெயருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் ஐயம் இல்லை. அடைமொழிக்கும் அதன் பெயருக்கும் இடையே வேறொரு பெயர் வரும் இடமெல்லாம் இந்தக் குழப்பம் நேரலாம்.

செயப்பாட்டு வினை அலுவலகக் கடிதங்களிலிருந்து மாணவர் நடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. "மீன்களை வகைபிரிக்கும் பணியானது பெண்களால் மேற்கொள்ளப்பட்டு வருகிறது" என்பதைப் "பெண்கள் மீன்களை வகைபிரிக்கிறார்கள்" என்று எழுதலாம். "மேற்கொள்ளப்பட்டு", "செய்யப்பட்டு" ஆகியவற்றைக் கண்டால், செய்தவர் யார் என்று கேளுங்கள். அவர் பெயர் வாக்கியத்திலேயே இருந்தால் அவரை எழுவாயாக்குங்கள். செய்தவர் முக்கியமில்லாத இடத்தில் செயப்பாட்டு வினை தகும்: "மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது" என்பதை மாற்ற வேண்டியதில்லை.

"கடலானது", "வரக்கூடிய", "என்பது ஆகும்" ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கண்ட இடத்தில் எடுத்துப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் எடுத்தபடியே விடுங்கள்.

7. பேச்சு வழக்கு: எதை மாற்றுவது, எதை விடுவது

இங்கே இரண்டு வேறு விஷயங்களை மாணவர்கள் ஒன்றாக்கிவிடுகிறார்கள். "போயிருச்சு", "அடிச்ச காத்துல", "அப்பா சொன்னாக" ஆகியவை ஒலியும் விகுதியும் பேச்சுக்கு உரியவை. கட்டுரை நடையில் "போய்விட்டது", "அடித்த காற்றில்", "அப்பா சொன்னார்" என்று மாற வேண்டும். ஒருவர் பேசியதை மேற்கோள் குறிக்குள் தரும்போது மட்டும் அவர் பேசியபடியே விடலாம்.

கச்சான், வாடை, வல்லம், கரைவலை போன்றவை அப்படிப்பட்டவை அல்ல. அவை தொழிலின் சொற்கள். அவற்றுக்கு ஈடாக "பலத்த காற்று", "சிறிய படகு", "பெரிய வலை" என்று எழுதினால் செய்தி குறைந்துவிடும். கச்சான் எந்தத் திசைக் காற்று, எந்தப் பருவத்தில் அடிக்கும் என்று தெரிந்த மாணவர் அதைப் "பலத்த காற்று" என்று திருத்துவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. முதல் முறை வரும்போது அரைவரி விளக்கம் தந்துவிட்டுச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்: "தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று".

8. ஆண்டு, எண், பெயர்

வாக்கியங்கள் நிலைத்தபின்தான் உண்மைகளைச் சரிபார்க்க வேண்டும். இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதுவோர் அதிகம் தடுமாறுவது "பாம்பன் பாலம்" என்ற சொல்லில். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம், 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் என மூன்றையும் அந்தப் பெயர் குறிக்கலாம். "பாம்பன் பாலம் கப்பல் வரும்போது இரண்டாகப் பிரிந்து மேலே எழும்" என்ற வாக்கியம் பழைய ரயில் பாலத்துக்கு மட்டுமே பொருந்தும், அதுவும் இறந்தகாலத்தில். புதிய பாலத்தின் தூக்குப் பகுதி பிரியாமல் நேர்செங்குத்தாக மேலே போகிறது. ஆக, "பாலம்" என்ற பெயருக்கு முன் "பழைய ரயில்" என்று சேர்த்தால், வாக்கியத்தின் காலத்தையும் மாற்ற வேண்டும். உண்மையைச் சரிபார்ப்பது இப்படி வாக்கியத்தையும் இழுக்கும் என்பதால்தான் இது எழுத்துப்பிழை பார்ப்பதற்கு முன் வருகிறது.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் ஆண்டும் (1986) உயிர்க்கோளக் காப்பகத்தின் ஆண்டும் (1989) இடம் மாறி வருவதுண்டு. தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பரில்; நாளையும் சேர்த்து எழுதுவதாக இருந்தால் அந்தப் பேரழிவு 22ஆம் தேதி இரவு நிகழ்ந்தது என்பதைக் குறிப்பிடுங்கள். ஊர்ப்பெயரை "ராமேசுவரம்", "இராமேஸ்வரம்" என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து கட்டுரை முழுவதும் அதையே எழுதுங்கள்.

9. எழுத்தும் சந்தியும்

இவை ஏன் கடைசியில் வருகின்றன என்பதற்கு ஓர் இலக்கணக் காரணமே இருக்கிறது. "படகைக் கரையில் கட்டினார்" என்பதில் "க்" வருவது அடுத்த சொல் "கரை" என்பதால். "படகை அவர் கட்டினார்" என்று சொல்லின் இடத்தை மாற்றியவுடன் அந்த "க்" தேவையில்லை. வல்லினம் மிகுவது அடுத்துவரும் சொல்லைப் பொறுத்தது. எனவே சொற்களின் வரிசை முடிவாகாமல் சந்தி பார்ப்பது வீண்வேலை.

எல்லா விதிகளையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய முடியாது. "ஐ", "கு" உருபுகளுக்குப் பின்னும் ("வலையைப் பிரித்தார்", "கடலுக்குப் போனார்"), "அந்த", "இந்த", "எந்த" ஆகியவற்றுக்குப் பின்னும் வல்லினம் மிகும். "வந்த படகு", "பெரிய படகு" போன்ற பெயரெச்சங்களுக்குப் பின் மிகாது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் சந்திப்பிழைகளில் பெரும்பகுதி குறையும்.

எழுத்தைப் பார்க்கும்போது கட்டுரையைக் கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்தை நோக்கிப் பின்னோக்கிப் படியுங்கள். பொருளின் ஓட்டம் அறுபடுவதால் கண் எழுத்தில் நிற்கும். ல, ள, ழ, ர, ற, ன, ண ஆகியவற்றைத் தனியாக ஒருமுறை பாருங்கள். "கரை ஒதுங்கியது" என்பது "கறை ஒதுங்கியது" ஆவதும், வாளை மீன் "வாழை மீன்" ஆவதும் அடிக்கடி நடப்பவை. உங்களுக்கு வழக்கமாக வரும் பிழைகளைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து, அடுத்த கட்டுரையில் அவற்றை முதலில் தேடுங்கள்.

உடனிருந்து உதவும் ஆசிரியர்களுக்கும் அண்ணன் அக்காக்களுக்கும் ஒரு சொல்: பிழையைச் சரிசெய்து கொடுக்காதீர்கள். அந்த வரியின் ஓரத்தில் ஒரு குறி மட்டும் இடுங்கள். சிவப்பு மையில் நீங்கள் எழுதியதை மாணவர் பார்த்து எழுதினால் தாள் சுத்தமாகும், கைப்பழக்கம் மாறாது.

10. படியெடுப்பதும் தேர்வறையும்

திருத்திய தாளிலிருந்து நல்ல படி எடுக்கும்போது புதிய பிழைகள் நுழையும். ஒரே சொல் இரண்டு முறை வரும் இடத்தில் நடுவிலுள்ள வரி முழுவதும் விடுபடுவது வழக்கம். எழுதி முடித்த ஒவ்வொரு பத்தியின் வாக்கியங்களையும் பழைய தாளோடு எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துவந்தால் அடுத்த பத்திக்குப் போகலாம்.

தேர்வறையில் இந்தப் பத்துப் படிகளுக்கும் நேரம் இருக்காது. ஐந்து நிமிடம்தான் இருக்கிறதென்றால், ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் படித்து, அது வினாவுக்கு விடை சொல்கிறதா என்று பாருங்கள். அதன்பின் எழுவாய், வினைமுற்றுச் சோதனையை நீளமான வாக்கியங்களில் மட்டும் செய்யுங்கள். மாற்ற வேண்டிய சொல்லை ஒரே கோட்டால் அடித்து, மேலே தெளிவாக எழுதுங்கள். அப்போதும் நேரம் மிஞ்சினால் ஒற்றெழுத்துகளைத் தேடலாம்.